நான்கு நாள் பிழைத்த மீன்

“மீன் சாகவில்லை, ஆகவே தண்ணீர் நல்ல தண்ணீர்!” சாயக் கழிவைப் பற்றிக் கேட்டால், முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்குவோர் இப்படித்தான் வாயடைக்கப் பார்க்கிறார்கள்.

அது என்ன சோதனை? வேறு தண்ணீர் கலக்காத கழிவு நீரில் மீன்களை விடுவார்கள். 96 மணி நேரம், அதாவது நான்கே நாள் பார்ப்பார்கள். நூற்றுக்கு 90 மீன் உயிரோடிருந்தால் தேறியது! 1986-ம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள அளவுகோல் இது.

சோதனையே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. உடனே கொல்லும் விஷத்தை அது காட்டிக் கொடுக்கும். ஆனால் ஐந்தாம் நாள்? செவுள் வெந்த மீன் முட்டையிடுமா? குஞ்சு தேறுமா? அந்தக் கேள்வி அதில் கிடையாது. ஜிலேபிக் கெண்டை உப்பைத் தாங்கும். அதே தண்ணீரைப் பாய்ச்சினால் மஞ்சள் கருகும். உப்புக்கு வேறு கணக்கு உண்டு, ஐயா! அந்தத் தாளை ஏன் மடித்து வைக்கிறீர்கள்?

நொய்யலைப் பாருங்கள். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் குட்டையானது. நிலம் உப்பேறியது. கிணறு கெட்டது. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறிய பிறகு, 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அன்று கூலி இழந்தது யார்? பட்டறைத் தொழிலாளி! விஷம் விட்டவன் அவனா?

தோழர்களே, மாதிரித் தண்ணீர் எடுக்கும்போது பட்டறைத் தொழிலாளியும் ஆற்றங்கரை விவசாயக் கூலியும் உடன் நிற்க வேண்டும். மீன் கணக்கு, உப்புக் கணக்கு இரண்டையும் தமிழில் எழுதி ஆலை வாசலில் ஒட்ட வேண்டுமென்று கோருகிறோம்.