ஹாஸர்டும் ரிஸ்க்கும்

விஞ்ஞானக் கட்டுரைகளைத் தமிழாக்கும்போது, 'ஹாஸர்டு', 'ரிஸ்க்' என்னும் இரு ஆங்கிலச் சொற்களுக்கும் 'அபாயம்' என்றே எழுதிவிட்டு மேலே செல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆங்கிலேயரும் அன்றாடப் பேச்சில் இவற்றைக் கலந்தே வழங்குகின்றனர்; 'ஹாஸர்டு' என்பதே ஒரு காலத்தில் பகடையாட்டம் ஒன்றின் பெயராக இருந்தது. ஆயினும் விஞ்ஞானத்தில் இவை வெவ்வேறு. ஒரு பொருளிடம் இயல்பாகவே அமைந்த தீங்கு செய்யும் ஆற்றல் முன்னது. அத்தீங்கு நம்மை வந்தடையும் வாய்ப்பும், வந்தால் நேரும் கேட்டின் அளவும் சேர்ந்தது பின்னது.

பூச்சிமருந்துப் புட்டியையே எடுத்துக்கொள்வோம். 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, அதன் மீதுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நான்கில் ஒரு நிறம் பெறும். சிவப்பு மிகக் கடிய நஞ்சு. பச்சை குறைந்த நஞ்சு. இந்நிறம் மருந்தின் இயல்பை மட்டுமே கூறும். தெளிப்பவர் காற்றை எதிர்த்து நிற்கிறாரா, கையுறை அணிந்தாரா, எத்தனை மணி நேரம் தெளித்தார் என்பவற்றை நிறம் எவ்வாறு அறியும்? பூட்டிய அலமாரியிலுள்ள சிவப்புப் புட்டியைவிட, மேற்சட்டையின்றிப் பகல் முழுதும் தெளிக்கப்படும் நீலப் புட்டி அம்மனிதருக்கு அதிக அபாயம் தரக்கூடும். 'பச்சை என்றால் அபாயமில்லை' என்று களப்பணியாளர் ஒருமுறை கூறிவிட்டால், விவசாயி வெறுங்கையாலேயே மருந்தைக் கலக்குவார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் நம்பியது நம் சொல்லைத்தான்.

2015 அக்டோபரில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், புகையிலை இடம்பெற்ற முதல் தொகுதியில் பதனிட்ட இறைச்சியையும் சேர்த்தது. உடனே, இரண்டும் சமமான அபாயமுடையவை என்ற எண்ணம் பரவிற்று. அத்தொகுதியோ, ஒரு பொருள் புற்றுநோய் விளைவிக்கும் என்பதற்குரிய சான்றின் வலிமையைக் காட்டுவதேயன்றி, எத்தனை பேருக்கு விளைவிக்கும் என்பதை அன்று.

'அபாயம்' ரிஸ்க்குக்கே உரியதாகட்டும்; ஹாஸர்டுக்குத் 'தீங்கியல்பு' என வழங்கலாம் என்பது என் கருத்து. 'இடர்' என்பாரும் உளர்; அச்சொல் 'பேரிடர்' என்ற வடிவில் வேறு வேலைக்குப் போய்விட்டது. புதுச்சொல் செவிக்குக் கரடாக இருக்கிறதெனில், 'தீங்கு செய்யும் இயல்பு' என்று விரித்தே எழுதுவோம். இரண்டு சொல் கூடுவதால் காகிதம் தீர்ந்துவிடாது. ஆசிரியர்களுக்கு இது இன்னும் எளிது. மூடியிட்ட புட்டியிலும் மாணவன் கையிலுள்ள சோதனைக்குழாயிலும் கந்தக அமிலத்தின் இயல்பு ஒன்றே. எது மாறியது என்று வகுப்பைக் கேட்கலாம்.