முப்பது மைதானமும் பார்த்தே ஆகணுமா?

பேஸ்பால் மைதானங்களைக் குடும்பத்தோடு காரில் சுற்றிப் பார்ப்பது அமெரிக்காவில் ஒரு கோடை விடுமுறைப் பழக்கம். அங்கே குடியேறிய நம்மவர்களும் பிள்ளைகளுக்காகக் கிளம்புகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மேஜர் லீக் அணிகள் 30. முப்பதையும் முடித்தே தீருவேன் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

சியாட்டிலில் இருந்து மயாமிக்கு சாலை வழி 5,000 கி.மீ.க்கு மேல். ஒரே லீவில் ஏழெட்டு ஊர் ஓடினால் பிள்ளைகளுக்கு ஹைவேயும் மோட்டலும்தான் ஞாபகம் இருக்கும். ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, எந்த ஊரில் எந்தச் சாமி என்று குழம்புகிற கதைதான் :-)

என்னைக் கேட்டால் முதல் தடவைக்கு சிகாகோ பக்கம் போதும். ரிக்லி ஃபீல்ட் 1914-ல் திறந்தது. 1988 வரை அங்கே இரவு ஆட்டத்துக்கு விளக்கே கிடையாது. பெரிய ஸ்கோர்போர்டில் இன்றும் ஆள் வைத்துத்தான் எண் மாற்றுகிறார்கள். வொயிட் சாக்ஸ் மைதானத்துக்கு அதே ரயிலில் போய்விடலாம். மில்வாக்கி சுமார் 150 கி.மீ. நாலு நாளில் மூன்று ஆட்டம், நிதானமாக.

பழசை முதலில் பாருங்கள். டெட்ராய்டில் 1912-ல் திறந்த டைகர் ஸ்டேடியத்தில் 1999-ல் கடைசி ஆட்டம் நடந்தது. பிறகு இடித்தே விட்டார்கள்.

இன்னொன்று. ஏழாவது இன்னிங்ஸ் நடுவே மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று பாடும். நம்ம வீட்டுப் பிள்ளையும் கூடப் பாடும்போது அந்த ஊர் அதற்குக் கொஞ்சம் சொந்தமாகிறது. பார்க்கிங் நெரிசலுக்குப் பயந்து அதற்குமுன் கிளம்பிவிடாதீர்கள்.