ஓடுகிறவனும் படிக்கும்படி



எழுத வேண்டும் என்னும் ஆர்வம் நம் இல்லங்களில் மீண்டும் தழைத்து வருவதைக் கண்டு நாம் பெரிதும் மகிழ்கிறோம். மேடவாக்கம் கூட்டுச் சாலையைச் சூழ்ந்துள்ள நம் அன்பியங்களில், தம் பெயராலேயே சிற்றேடு ஒன்றைத் திங்கள்தோறும் எழுதி, படியெடுத்து, அண்டை அயலார்க்கு வழங்கி வருவோர் சிலர் உளர். ஒருவர் ஞாயிறு வாசகங்களைப் பற்றிய சிந்தனைகளை எழுதுகிறார். கல்லூரி மாணவி ஒருத்தி தன் பாட்டியார் கூறிய முத்துக்குளித்துறைக் கதைகளைத் தொகுக்கிறாள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இலக்கணக் குறிப்புகள் தருகிறார். இவர்கள் நம்மிடம் கேட்பது ஒன்றே: “சுவாமி, எங்கள் ஏடு பார்வைக்கு அழகாகவும் படிப்பதற்கு எளிதாகவும் அமைய யாது செய்தல் வேண்டும்?”

இவ்வினாவை அற்பமென்று தள்ளிவிடுவாரும் உளர். பொருள் நன்றாயிருந்தால் போதாதா, தோற்றத்தைப் பற்றிக் கவலைப்படுவானேன் என்பது அவர்தம் வாதம். ஆயினும் திருநூல் வேறு விதமாகக் கற்பிக்கின்றது. அபக்கூக்கு இறைவாக்கினருக்குக் காட்சி அருளிய ஆண்டவர், அதனை எழுதுமாறு மட்டும் கட்டளையிடவில்லை. ஓடுகிறவனும் படித்துக்கொள்ளும் வண்ணம் பலகையில் தெளிவாய்ப் பொறிக்க வேண்டுமென்றும் பணித்தார். கல்வாரியில் நம் மீட்பரின் சிலுவை மேல் வைக்கப்பட்ட குற்ற அறிக்கை எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மும்மொழிகளில் எழுதப்பட்டிருந்ததென்றும், அவ்விடம் நகருக்கு அண்மையிலிருந்ததால் யூதர் பலர் அதனை வாசித்தனரென்றும் புனித யோவான் குறிக்கின்றார். எழுதப்படுவது வாசிக்கப்படுதற்கே என்னும் உண்மை இவ்விரு இடங்களாலும் விளங்கும்.

தாம்பரம்–வேளச்சேரிச் சாலையில் மாலை வேளையில் வாகனத்தில் செல்வோர், வழியெங்கும் தொங்கும் நூற்றுக்கணக்கான பலகைகளில் எவற்றைப் படிக்கின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். நான்கு நிறமும் நாற்பது வரியும் கொண்ட பலகையை எவரும் படிப்பதில்லை. வெள்ளைத் தகட்டில் கருமையாய் ஊர்ப்பெயரும் அம்புக்குறியும் மட்டும் தாங்கி நிற்கும் பலகையே வழிகாட்டுகின்றது. வேலைக்கு ஓடி, பள்ளிக்கு ஓடி, தண்ணீர் லாரிக்கு ஓடிக் களைத்துவரும் நம் மக்களே அபக்கூக்கு கண்ட ஓடுகிறவர்கள்!

நிற்க. படிப்போர்க்கு எளிமை செய்வதில் நம் தமிழகத் திருச்சபைக்கு நெடிய மரபு உண்டு. 1554-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் அச்சான தமிழ் மறைக்கல்வி நூலில், தமிழ்ச் சொற்கள் உரோமானிய எழுத்துக்களில் தரப்பட்டிருந்தன. அந்நூல் போர்த்துக்கீசியருக்குப் பயன்பட்டதேயன்றி, தமிழ் எழுத்து மட்டுமே அறிந்த பரதவர்க்குப் பயன்படவில்லை. முத்துக்குளித்துறையில் உழைத்த சேசு சபைக் குரு அன்றிக் அடிகளார் இக்குறையைத் தீர்த்தார். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் “தம்பிரான் வணக்கம்” தமிழ் எழுத்துக்களிலேயே அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல் அது. மக்களிடம் அவர்தம் எழுத்திலேயே, அளவோடு பேச வேண்டும் என்னும் நெறியை அன்றே அது காட்டியது.

எனினும் அந்நூல் ஓலைச்சுவடி வழக்கத்தையே தழுவியது. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி, மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலே எழுதினர் நம் முன்னோர். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட வேண்டுமென்று தொல்காப்பியம் விதித்திருந்தும், அதுவும் வழக்கொழிந்தது. ஆகவே ‘பெறு’ என்பதும் ‘பேறு’ என்பதும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். கற்றவர் இடம் நோக்கி உணர்ந்துகொள்வர், கல்லாதவர் தடுமாறுவர். இத்தாலிய நாட்டில் 1680-இல் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர் இத்தடுமாற்றத்தைக் கண்டு இரங்கினார். நெடிலுக்கு மேற்சுழித்த கொம்பை அமைத்து, குறிலையும் நெடிலையும் வடிவத்தாலேயே வேறுபடுத்தினார். சின்னஞ்சிறு சுழி ஒன்று. அதனால் இன்று வரை பயன்பெறுவோர் கோடிக்கணக்கானோர்.

அவரே 1732-இல் சதுரகராதியை இயற்றினார். அதற்கு முன்னர்ச் சொற்பொருள் அறிய விரும்பியவன் நிகண்டுச் செய்யுட்களை நெட்டுருச் செய்தாக வேண்டும். முனிவரோ பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்துச் சொற்களை அகர வரிசையில் நிறுத்தினார். தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தைப் பாடிய புலவர், எளியோன் ஒருவன் ஒரு சொல்லைத் தேடிக் கண்டெடுக்கும் வசதிக்காகவும் உழைத்தார் என்பது நாம் போற்றத்தக்கது. பின்னர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் உரைநடையில் நிறுத்தக் குறிகளை இட்டுப் பரப்பினார். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, துதிக்கை போல் சுழிந்து நின்ற ணை, லை, னை போன்றவற்றை நேராக்கியது. சமய வேறுபாடும் கொள்கை வேறுபாடும் கடந்து, படிப்பவனின் துன்பத்தைக் குறைத்தோர் அனைவரும் தமிழுக்குத் தொண்டு செய்தோரே.

திருநூலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரப் பகுப்பு ஸ்தேவான் லாங்டன் என்னும் பேராயரால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்டது. புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள வசன எண்களை இராபர்ட் எஸ்தியேன் என்னும் அச்சகத்தார் 1551-இல் அமைத்தார். இறைவார்த்தையில் ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. ஆயினும் எவரும் எந்த இடத்தையும் கணத்தில் புரட்டி எடுக்க இயலுகின்றது. நல்ல அமைப்பு என்பது இதுவே.

இதில் அன்பின் கடமை எங்கே உள்ளதெனில், கூறுவோம். நம் பங்கில் எழுபது வயது கடந்த அன்னை ஒருவர் உளர். கணவரை இழந்து மகன் வீட்டில் வாழ்பவர். எழுத்துக் கூட்டி வாசிப்பதில் அவருக்கு அளவற்ற மகிழ்ச்சி. அன்பியத்தில் இளைஞர் ஒருவர் வழங்கிய ஏட்டை ஆவலுடன் வாங்கினார். பூக்கொடியின் நடுவே மஞ்சள் எழுத்து. எழுத்தின் பின்னே படம். இடைவெளியின்றி நெருங்கிய வரிகள். சிறிது நேரம் முயன்றுவிட்டு, அதனை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “என் கண்ணு போயிடுச்சு சாமி, இனிமே எனக்கு எதுக்குப் படிப்பு?” என்றார். அவர் கண்ணில் குறையில்லை. மறுநாளும் பெரிய எழுத்துச் செபப் புத்தகத்தைத் தடையின்றி வாசித்தார். ஏட்டின் குறையைத் தம் குறையென்று எண்ணிக்கொண்டார். அருமை மக்களே, எளியோர் எப்போதும் இவ்வாறே எண்ணுவர். படிக்க முடியாத தாளைத் தரும்போது, எழுதியவனை அவர்கள் குறை கூறுவதில்லை. தமக்குத் தகுதியில்லையென்று ஒதுங்கிக்கொள்கின்றனர். கடைசி இருக்கையில் அமர்ந்திருப்பவரை வாயிலுக்கு வெளியே தள்ளுவதற்கு ஒப்பான செயல் இது.

ஆதலின் ஏடு நடத்துவோர்க்குச் சில குறிப்புகளைத் தருவோம்.

முதலாவது, யாருக்காக எழுதுகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள். மனத்தில் ஒரு முகத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். ஓர் இதழில் ஒரு பொருளை மட்டும் கூறுங்கள். மூன்று பொருள் இருப்பின் மூன்று திங்களுக்கு ஏடு ஆயிற்று என்று கடவுளுக்கு நன்றி கூறுங்கள்.

இரண்டாவது, ஏட்டின் பெயரும், எழுதியவர் பெயரும், நாளும் எப்போதும் ஒரே இடத்தில் அமையட்டும். தலைப்பைக் கண்டதும் உள்ளே இருப்பது விளங்க வேண்டும். புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இன்று சரித்திர ஆதாரமாய்த் திகழ்வதற்கு, அவர் கண்டதையும் கேட்டதையும் நாள் தவறாமல் குறித்துப் பதிந்து வைத்ததும் ஒரு காரணமன்றோ? நாளில்லாத தாள் நாளடைவில் ஊமையாகிவிடும்.

மூன்றாவது, எழுத்தும் வெளியும். ஒருவகை எழுத்து போதும். தலைப்புக்குப் பெரிதாகவும் உடலுக்கு அளவாகவும் இருக்கட்டும். வெள்ளைத் தாளில் கரிய எழுத்தை மிஞ்சியது எதுவுமில்லை. தமிழ்ச் சொற்கள் நீண்டவை. குறுகிய பத்திகளில் அவற்றை இருபுறமும் சமமாக நிறுத்த முயன்றால் நடுவே ஓட்டைகள் விழும். இடப்புறம் நேராக இருக்க, வலப்புறம் தன் போக்கில் முடியட்டும். நம் மொழியில் மேலும் கீழும் சுழிகளும் கொம்புகளும் நீள்வதால், வரிகளுக்கிடையே தாராளமாய் வெளி விடுங்கள். தாளின் நான்கு ஓரமும் காலியாயிருப்பது வீணன்று. வாசலில் கோலமிடுகிற பெண்மணி சுற்றிலும் பெருக்கித் தெளித்து வெற்றிடம் விடுவதால்தான் கோலம் எடுப்பாய்த் தெரிகின்றது.

நான்காவது, நிறம். பூசைப் புத்தகத்தில் இரு நிறங்கள் உள்ளதை நீங்கள் கண்டிருக்கலாம். குரு சொல்ல வேண்டியது கறுப்பில் இருக்கும். செய்ய வேண்டியது சிவப்பில் இருக்கும். சிவப்பு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்தே அவ்விதிகளுக்கு ‘ரூப்ரிக்’ என்னும் பெயரும் வந்தது. பல நூற்றாண்டுகளாய் எத்தனையோ குருக்கள் மெழுகுவர்த்தி ஒளியிலும் பிழையின்றிப் பலி நிறைவேற்றியதற்கு இவ்வேற்பாடும் துணை செய்தது. ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு வேலை. வேலையில்லாத நிறத்திற்கு இடமில்லை. படத்திற்கும் இவ்விதியே பொருந்தும்.

ஐந்தாவது, படியெடுக்கும் முன் சோதித்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடமும், கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவரிடமும் தாளைக் கொடுத்துவிட்டு வாய் திறவாமல் அருகில் இருங்கள். எங்கே விரல் தயங்கி நிற்கின்றதோ, எங்கே வரி தப்புகின்றதோ, அங்கே திருத்துங்கள். கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புவதாயின், அச்சிறு கண்ணாடியில் விரலால் பெரிதாக்காமலே படிக்க முடிகின்றதா என்றும் பாருங்கள். விளக்கம் சொல்லித்தான் படிக்க வைக்க முடியுமாயின், ஏடு இன்னும் முடியவில்லை என்று அறிக. நீங்கள் ஒவ்வோர் இல்லத்துக்கும் ஏட்டுடன் செல்ல முடியாதன்றோ?

இறுதியாக ஓர் எச்சரிக்கை. தன் பெயரால் ஏடு நடத்துவோர்க்குச் சோதனை ஒன்று உண்டு. முதற்பக்கத்தில் தம் படமே பெரிதாய் நிற்கும். பட்டங்களின் வரிசை நீளும். ‘பார்த்தவர் வியந்தனரா’ என்னும் கவலை, ‘படித்தவர் பயனடைந்தனரா’ என்னும் கவலையை விழுங்கிவிடும். இங்கே நமக்கு வழிகாட்டி புனித பிரான்சிஸ்கு சலேசியார். 1594-இல் சாப்ளே நாட்டிற்கு மறையுரைக்கச் சென்ற அவ்விளங்குருவின் பிரசங்கத்தைக் கேட்க ஆட்கள் வரவில்லை. அவர் சோர்ந்துவிடாமல், தாம் சொல்ல நினைத்ததைத் துண்டுத் தாள்களில் எழுதி, படியெடுத்து, வீட்டுக் கதவுகளின் அடியில் செருகினார். கோவிலுக்கு வராதவனின் இல்லத்துக்குள் தாள் நுழைந்தது. 1923-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் அவரைக் கத்தோலிக்க எழுத்தாளர்களுக்குப் பாதுகாவலராக அறிவித்தார். தம்மை மறைத்துத் தாளை அனுப்பியவர், எழுதுவோர் அனைவர்க்கும் முன்மாதிரியானார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் முதன்முதலாக வெளியிட்ட இரண்டு ஏடுகளில் ஒன்று திருவழிபாட்டைப் பற்றியது. மற்றொன்று சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றியது. பீடமும் தாளும் அருகருகே வைக்கப்பட்டதை நாம் நினைவில் கொள்வோம். திருப்பலிக்குப் பீடத்தைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, தேவையற்றதை நீக்கி ஆயத்தம் செய்கிறோம். அத்தகைய கவனத்தோடு உங்கள் தாளையும் ஆயத்தம் செய்யுங்கள்.

பெற்றோரே, பிள்ளைகள் எழுதத் தொடங்கினால் ‘பரீட்சைக்குப் படி’ என்று தடுத்துவிடாதீர்கள். அவர்தம் ஏட்டை முதலில் வாசிப்பவர் நீங்களாயிருங்கள். ‘அழகாயிருக்கிறது’ என்று புகழ்வதோடு நில்லாமல், எந்த வரியில் உங்களுக்குப் புரியவில்லை என்பதை அன்போடு எடுத்துக் கூறுங்கள். அதுவே அவர்களுக்கு நீங்கள் செய்யும் பேருதவியாகும். எழுதுகின்ற கைகளையும் வாசிக்கின்ற கண்களையும் நம் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக!