செவிலியர் வருவார்கள், நாம் என்ன செய்தோம்?

ஆசிரியருக்கு,

தொற்றுக் காலத்தில் செவிலியர் பணிக்குத் தயங்குவது பயத்தால் மட்டுமல்ல என்ற உங்கள் கட்டுரையின் கருத்து மிகச் சரி. 2018-இல் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் நிபா நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி, அதே தொற்றுக்குப் பலியானார். அது தெரிந்தும் 2020-இல் கொரோனா வார்டுக்குப் போனாள் என் மருமகள். கழிப்பறைக்குப் போனால் கவச உடையைக் கழற்ற வேண்டுமே என்று, பணி முடியும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். நோயைவிட அவளை வாட்டியது, வீட்டைக் காலி செய்யச் சொன்ன உரிமையாளர்தான் (மருத்துவப் பணியாளர்களைப் பாராட்டி மொட்டை மாடியில் நின்று கைதட்டியவர்தான் அவரும்!). தமிழகத்தில் கொரோனாவுக்கென நியமிக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர் பலருக்கோ, 2022 டிசம்பர் 31-உடன் வேலையே முடிந்தது. அடுத்த தொற்று வருமுன் இவர்களுக்குத் தங்குமிடம், காப்பீடு, பணிப் பாதுகாப்பு மூன்றையும் அரசு எழுத்துபூர்வமாக உறுதிசெய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், ஈரோடு