வலித்தால் வந்துவிடுமா அரைமண்டி?

"எலும்பெல்லாம் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். உழைப்புலதான் வித்தியாசம்." தங்கை மகளை நாட்டிய வகுப்பிலிருந்து கூட்டிவரப் போனபோது அவளுடைய ஆசிரியை என்னிடம் சொன்னது இது. குழந்தைக்கு எட்டு வயது. அரைமண்டியில் உட்கார்ந்தால் அவளுடைய முழங்கால்கள் பக்கவாட்டில் விரியாமல் முன்பக்கம் வந்துவிடுகின்றன. அதற்குத் தண்டனை, மற்ற பிள்ளைகள் அடுத்த அடவுக்குப் போன பிறகும் இவள் மட்டும் சுவரோரம் அரைமண்டியிலேயே நிற்க வேண்டும். முட்டி வலிக்கிறது என்று அவள் சொன்னதற்குக் கிடைத்த பதில்: "வலிச்சாத்தான் வரும்."

வராது. இடுப்பு மூட்டுகளைத் தினமும் கையால் பிடித்து அசைத்துப் பார்க்கும் பிசியோதெரபி தொழில் என்னுடையது. எலும்பு எல்லோருக்கும் ஒன்றல்ல. இதைவிடக் கெட்டியான உண்மை என் துறையில் அதிகம் இல்லை. ஆனாலும் நாட்டிய வகுப்பு, யோகா மையம், ஜிம், பள்ளிக்கூட மைதானம் என்று எங்கே போனாலும் இதே பேச்சுதான். சம்மணம் போட முடியாதவன் சோம்பேறி, பத்மாசனம் வராதவனுக்கு வைராக்கியம் இல்லை, முழுசாகக் குந்த முடியாதவன் நாற்காலியில் உட்கார்ந்தே கெட்டுப்போனவன். உடம்பின் அமைப்பை ஒழுக்கக் குறைவாக்கிப் பேசும் இந்தப் பழக்கம் எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

தொடை எலும்பின் முறுக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஈரத்துணியைப் பிழியும்போது ஒரு முனை ஒரு பக்கமும் மறுமுனை இன்னொரு பக்கமும் திரும்புவதுபோல, தொடை எலும்பு மேலிருந்து கீழே வருவதற்குள் சற்றே முறுக்கிக்கொள்கிறது. சி.டி. ஸ்கேனில் இதை அளக்கலாம். ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, கால் அசையாதபடி பாதங்களைக் கட்டி, தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் குறுக்குவெட்டாகப் படம் எடுப்பார்கள். பிறகு முழங்கால் அருகே, எலும்பின் இரண்டு முண்டுகளும் தெரிகிற இடத்தில் இன்னொன்று. கழுத்தின் நடுவே ஒரு கோடு, முண்டுகளின் பின்விளிம்பைத் தொட்டு மற்றொரு கோடு. இரண்டுக்கும் இடையில் விழும் கோணம்தான் முறுக்கு.

பிறந்த குழந்தைக்கு அது 30 முதல் 40 டிகிரி வரை இருக்கும். வளர வளரக் குறைந்து, பெரியவர்களிடம் சராசரியாக 15 டிகிரி அளவில் வந்து நிற்கும். ஆனால் சராசரி என்பது காகிதத்தில் இருக்கும் எண். ஸ்கேன் அறைக்கு வருகிறவர்களில் சிலருக்கு முறுக்கே இருக்காது. சிலருக்கு அது எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். சிலருக்கு 30 டிகிரியைத் தாண்டும். ஒரே ஆளின் வலது காலுக்கும் இடது காலுக்கும் கூடச் சில டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

இப்போது அரைமண்டிக்கு வருவோம். தொடையை வெளிப்பக்கமாகத் திருப்பினால்தான் முழங்கால் பக்கவாட்டில் போகும். முறுக்கு அதிகமாக உள்ள பிள்ளைக்கு உட்பக்கம் திருப்புவது சுலபம், வெளிப்பக்கம் திருப்பும் எல்லை சீக்கிரமே வந்துவிடும். அதற்கு மேலும் பாதத்தை விரி, விரி என்று அதட்டினால், இடுப்பு கொடுக்காத திருப்பத்தை முழங்காலும் கணுக்காலும் கொடுக்க வேண்டியதாகிறது. பாதம் உள்பக்கம் சரிந்து தட்டையாகும். முட்டியின் உட்புறம் வலிக்கும். என் தங்கை மகள் கைவைத்துக் காட்டியதும் அந்த இடத்தைத்தான். சுவரோரம் நின்ற நேரத்தில் அவள் பழகியது அரைமண்டி அல்ல, முட்டியைத் திருகிக்கொள்வது.

அதிலும் எட்டு வயதில் தொடை எலும்பின் முறுக்கு முழுசாக இறங்கி முடிந்திருக்காது. பெரியவர்களைவிட அதிக முறுக்கோடு இருக்கும் எலும்பிடம் பெரியவர்களின் அரைமண்டியைக் கேட்கிறோம். கிடைக்காதபோது குழந்தையைச் சோம்பேறி என்கிறோம். 30 டிகிரி முறுக்கை எந்தப் பிரம்பு 15 ஆக்கும்?

முறுக்கோடு கதை முடியவில்லை. இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதற்குள் உருளும் பந்தும். கிண்ணம் பந்தை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை எக்ஸ்-ரே படத்தில் அளக்கும் வழியை ஸ்வீடன் மருத்துவர் விபெர்க் 1939-லேயே சொல்லிவிட்டார். பந்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு, கிண்ணத்தின் வெளிவிளிம்புக்கு ஒரு கோடு. இடைக்கோணம் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் போதிய மூடல், 20-க்குக் கீழே என்றால் கிண்ணம் ஆழமில்லாதது. ஆழமில்லாத கிண்ணத்தோடு பிறந்தவர் காலை எளிதாக அகட்டுவார், வகுப்பில் கைதட்டலும் வாங்குவார். அவருடைய மூட்டுதான் பின்னாளில் சீக்கிரம் தேயும் அபாயத்தில் இருக்கிறது என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

சிலருக்குப் பந்தும் கழுத்தும் சேரும் இடம் குழிவாக இல்லாமல் மேடாக இருக்கும். கனடாவின் ஒட்டாவாவில் இடுப்பு வலியே இல்லாத 200 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 14 சதவீதம் பேருக்கு ஒரு பக்கமாவது அந்த மேடு இருந்தது. ஆழமாகக் குந்தும்போது மேடு கிண்ணத்தின் விளிம்பில் போய் இடிக்கும். இப்படிப்பட்டவரிடம் "இன்னும் கீழே போ, இன்னும் கீழே போ" என்று கத்துகிற ஜிம் பயிற்சியாளர், அவருடைய மூட்டு விளிம்பைத்தான் நசுக்கிக்கொண்டிருக்கிறார்.

"நம்ம தாத்தா பாட்டி எல்லாம் தரையிலதானே உட்கார்ந்தாங்க?" என்று ஒரு கூட்டம் உடனே கிளம்பும். உட்கார்ந்தார்கள். முடிந்தவர்கள் உட்கார்ந்தார்கள். முடியாத பாட்டி ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், முடியாத தாத்தா திண்ணையில் காலைத் தொங்கப்போட்டார். வீட்டில் யாரும் அவர்களுக்கு மதிப்பெண் போடவில்லை. தரையில் உட்காரும் பழக்கம் தசைக்கும் மூட்டுறைக்கும் நல்லதுதான். ஆனால் தொடை எலும்பின் முறுக்கைப் பாய் மாற்றாது.

"அப்படியானால் பெரிய கலைஞர்களுக்கு மட்டும் எப்படி வந்தது?" என்பது அடுத்த வாதம். வந்தவர்கள்தானே மேடையில் நிற்கிறார்கள். வராதவர்கள் முட்டிவலியோடு பத்து வயதிலேயே வகுப்பை விட்டுப் போய்விட்டார்கள், அவர்களை யாரும் எண்ணவில்லை. வந்தவர்களின் இடுப்பும் விலை கொடுக்காமல் இல்லை. ஜெனீவாவில் பாலே நடனக் கலைஞர்களைக் கால்களை முழுசாக அகட்டிய நிலையிலேயே எம்.ஆர்.ஐ.யில் படம் எடுத்தார்கள். பந்து கிண்ணத்தைவிட்டுச் சராசரியாக 2 மில்லிமீட்டர் விலகியிருந்தது. மூட்டு இயல்பாக அமைந்தவர்களின் கதையே இது.

என் கோபம் நாட்டிய வகுப்போடு நிற்கவில்லை. இடுப்பு வலி என்று ஸ்கேன் எடுத்தால், ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று ஒரே சொல்லை எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எத்தனை டிகிரி, எந்த முறையில் அளந்தது என்று இருக்காது. முறை மாறினால் அதே எலும்பின் முறுக்குக்கே வேறு எண் வரும் என்பது அளப்பவர்களுக்குத் தெரியும், வலியோடு வந்தவருக்கு யார் சொல்வது? அறுவை சிகிச்சையிலும் இதே கதைதான்: மேலைநாட்டு அளவில் செய்த ஆணியும் தகடும் நம்மவர்களின் சிறிய தொடை எலும்பில் சரியாகப் பொருந்துவதில்லை என்று இந்திய எலும்பு மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். எங்கு பார்த்தாலும் ஒரே அளவு, அந்த அளவுக்குள் அடங்காத உடம்பின்மேல் பழி.

எல்லாக் குழந்தையையும் ஸ்கேனுக்கு அனுப்பச் சொல்லவில்லை. கதிர்வீச்சு விளையாட்டல்ல. குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்கால்களைச் சேர்த்து மடக்கி, பாதங்கள் இரண்டு பக்கமும் விழும்படி விட்டுப் பாருங்கள். பாதங்கள் வெளியே விழுந்து கிட்டத்தட்டத் தரையைத் தொடுகின்றன, உள்பக்கம் கொண்டுவந்தால் கொஞ்சத்திலேயே நின்றுவிடுகின்றன என்றால், அந்தத் தொடையில் முறுக்கு அதிகம் என்று சந்தேகிக்கலாம். இதற்கு மருத்துவப் பட்டம் வேண்டாம், இரண்டு நிமிடமும் ஒரு பாயும் போதும். அந்தப் பிள்ளைக்குப் பாதத்தைக் குறைவாக விரித்து, முட்டியும் கால்விரலும் ஒரே திசையில் இருக்கும்படி அரைமண்டி சொல்லிக்கொடுங்கள். தாளம் கெடாது, பாவம் கெடாது, முட்டியும் கெடாது.

நாட்டிய ஆசிரியர்களை உருவாக்கும் ஒவ்வொரு பட்டயப் படிப்பிலும் இடுப்பு மூட்டு ஒரு கட்டாயப் பாடமாக வேண்டும். தேர்வில் அரைமண்டியின் ஆழத்துக்கு மட்டும் மதிப்பெண் குறைக்கும் வழக்கம் நிற்க வேண்டும். பெற்றோர்களே, "வலிச்சாத்தான் வரும்" என்று சொல்லும் வகுப்பிலிருந்து பிள்ளையை அன்றைக்கே அழைத்துவந்துவிடுங்கள். கட்டிய ஃபீஸ் போனால் போகட்டும்.