நாவுக்கும் ஒரு பங்கு

சென்ற இதழில் உணவின் அளவைக் குறித்து நான் எழுதியதைப் படித்துவிட்டு, நம் சங்கத்தைச் சேர்ந்த சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். “ஐயா, தாங்கள் எழுதியதை நம்பி என் கணவருக்கு இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் அடியோடு நிறுத்திவிட்டேன். பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினோராம் நாள் துணி துவைக்க எடுத்தபோது, சட்டைப் பையில் ஜிலேபி சுற்றிய காகிதம் இருந்தது. இனி நான் என்ன செய்வது?” என்று கேட்கிறார்.

அடியோடு நிறுத்துங்கள் என்று நான் எழுதவில்லை. அளவைக் குறையுங்கள் என்றே எழுதினேன். ஆனால், பிரியமானதை வைத்துக்கொண்டே அளவைக் குறைப்பது எப்படி என்று சொல்லாமல் விட்டது என் பிழைதான். அப்பிழையைத் திருத்தவே இம்மாதப் பக்கம்.

அந்தக் காகிதத்தைப் பற்றிப் படித்ததும் எனக்கு என் தந்தையாரின் நினைவு வந்தது. அவர் கரக்பூர் ரயில்வே தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் இவ்வூருக்கு வந்தவருக்கு, வங்காளத்து ரசகுல்லா என்றால் உயிர். ஐம்பதாவது வயதில் நீரிழிவு என்று தெரிந்தது. அன்றிலிருந்து வீட்டில் இனிப்பு என்ற பேச்சே கிடையாது. தீபாவளிக்கு எங்களுக்கு மட்டும் பலகாரம் செய்து, அம்மா அதை அலமாரியில் வைத்துப் பூட்டுவார். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். மாத்திரையை ஒழுங்காக விழுங்குவார். சோற்றைக் குறைத்து உண்பார். இருந்தும் சர்க்கரை இறங்கவில்லை. பிற்பாடு காலில் புண் ஆறாமல் ஒரு விரலை எடுக்கவேண்டியதாயிற்று. 2015ஆம் ஆண்டில் காலமானார்.

காரியங்கள் முடிந்தபின் அவருடைய சைக்கிளைத் துடைத்து வைக்கப் போனேன். பின்புறப் பெட்டியில், கருவிகளுக்கு அடியில், மண் கிண்ணங்கள் நான்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கோல் பஜாரில் ரசகுல்லா வைத்துக் கொடுக்கும் கிண்ணங்கள். எத்தனை ஆண்டுகளாக, வேலை முடிந்து வரும் வழியில், எந்த மரத்தடியில் நின்று தனியாகத் தின்றாரோ! ஒளித்துத் தின்பவனுக்கு அளவு தெரியாது. யாரேனும் பார்ப்பதற்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரமே தெரியும். எங்கள் தடை அவரைக் காப்பாற்றவில்லை. அவரைத் தனியாகத் தின்ன வைத்ததுதான் மிச்சம்.

இப்போது என் கதை. சென்ற ஆண்டு மார்ச்சு மாதம் அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் என்னையும் நிறுத்துப் பார்த்தார்கள். உயரம் 168 சென்டிமீட்டர். எடை 81 கிலோ. இடுப்பளவு 98 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு இடுப்பளவு 90க்குள் இருக்கவேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த எல்லை, பெண்களுக்கு 80. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 6.1 சதவீதம் வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருப்பது நீரிழிவின் வாசற்படி என்றார் டாக்டர். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. மேலும் 13 கோடிப் பேருக்கு மேல் அவ்வாசற்படியில் நிற்கின்றனர். நானும் அவர்களில் ஒருவன் என்று அறிந்தேன். வயது முப்பத்தெட்டு, மகளுக்கு ஏழு.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அலமாரிச் சாவியைத் தேடினார். நான் தடுத்தேன். “அப்பாவுக்குச் செய்ததை எனக்கும் செய்யவேண்டாம், அம்மா. பூட்டவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். கணக்கு எழுதுவோம்” என்றேன். கணக்கு எழுதுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

கணக்கு எழுத அளவுகோல் வேண்டும். உணவு தரும் சக்தியைக் கலோரி என்ற அளவால் குறிக்கிறார்கள். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி. புரதம் ஒரு கிராமுக்கு 4. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9. எண்ணெயும் நெய்யும் கணக்கை ஏன் சட்டென்று ஏற்றிவிடுகின்றன என்பது இதிலிருந்தே விளங்கும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 20 கலோரி. ஒரு தேக்கரண்டி நெய் 45. உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2110 கலோரியும், பெண்ணுக்கு 1660 கலோரியும் போதும் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2020இல் கணக்கிட்டிருக்கிறது. இந்நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் ஓர் ஒற்றை அறையில், மெக்காரிசன் என்ற மருத்துவரின் முயற்சியால் தொடங்கி, 1958இல் ஐதராபாத்துக்குப் போனது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. அதுவும் நம்மைப்போல் ஊர் விட்டு ஊர் போனதுதான்.

எடை குறையவேண்டும் என்பதால் எனக்கு நாளுக்கு 1700 கலோரி என்று டாக்டர் முடிவு செய்தார். அதில் 150 கலோரியை நாவின் பங்காக முன்கூட்டியே ஒதுக்கி வைத்தோம். மாதச் சம்பளத்தில் சினிமாவுக்கென்று சிறு தொகை எடுத்து வைப்பதில்லையா, அதுபோல. எடுத்து வைத்த தொகையைச் செலவழிக்கையில் குற்ற உணர்ச்சி இல்லை. அதைத் தாண்டினால் கடன்.

முதல் வாரம் ஒன்றையும் மாற்றாமல், தின்றதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. நாளொன்றுக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. எட்டுக் கரண்டி, 40 கிராம், 160 கலோரி! சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் அடங்கவேண்டும் என்கிறார்கள். நானோ காபியிலேயே அதைத் தாண்டியிருந்தேன். இதைத் தவிர, கோப்புகளைப் பார்த்துக்கொண்டே தின்ற பிஸ்கோத்துகள். நண்பர் நீட்டியதால் எடுத்த சிங்காடா. குழந்தை மிச்சம் வைத்த அப்பளம். இவற்றில் ஒன்றையும் நான் விரும்பித் தின்னவில்லை என்பதே வியப்பு. விரும்பியவற்றைத் தின்று நான் பருக்கவில்லை. விரும்பாதவற்றை யோசியாமல் தின்றே பருத்தேன்.

ஆகவே முதல் விதி இது: எது உமக்கு உண்மையிலேயே பிரியமானது என்று தெரிந்துகொள்ளும். என் பட்டியலில் மூன்றே மிஞ்சின: காலையில் டிகாக்‌ஷன் காபி, வெண்ணெயில் செய்த முறுக்கு, குளிர்காலத்தில் இங்கு கிடைக்கும் புது ஈச்சவெல்லச் சந்தேஷ். காலைக் காபியை ஒரு கரண்டிச் சர்க்கரையோடு வைத்துக்கொண்டேன். மாலைக் காபிக்குச் சர்க்கரை இல்லை. மற்ற இரண்டையும் விட்டேன். பிஸ்கோத்துக்குப் பதில் இவ்வூர் முரியை, அதாவது நம் பொரியை, வெள்ளரியும் பச்சை மிளகாயும் கலந்து கொண்டுபோகிறேன். 30 கிராம் பொரி சுமார் 100 கலோரிதான். கிண்ணம் நிறைய வரும்.

இரண்டாம் விதி: பிரியமானதைப் பசியோடு தொடாதீர். சாப்பாடு முடிந்தபின், ஒரு சிறு தட்டில் எடுத்து வைத்து, உட்கார்ந்து, பிறர் காண உண்ணுங்கள். டப்பாவைத் திறந்து நின்றபடியே தின்றால் எண்ணிக்கை தவறும். மூன்றாம் விதி: அன்று பலகாரம் கூடினால் சோற்றில் ஒரு கரண்டியைக் குறையுங்கள், காய்கறியையும் பருப்பையும் மோரையும் குறைக்காதீர். நான்காம் விதி: “நடந்து தீர்த்துவிடலாம்” என்று எண்ணாதீர். என் எடையுள்ளவன் அரை மணி நேரம் வேகமாக நடந்தாலும் 150 கலோரி அளவில்தான் செலவாகும். இரண்டு வடை தின்றாலே அது திரும்பி வந்துவிடும். நடை உடலுக்கு மிக நல்லது. ஆனால் அதைத் தின்பதற்கு வாங்கிய அனுமதிச் சீட்டாக நினைக்கலாகாது.

வெல்லத்தைப் பற்றியும் ஒரு சொல். “சர்க்கரைதானே கெடுதல், வெல்லமும் தேனும் போட்டுக்கொள்ளலாமே” என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். கலோரிக் கணக்கில் வெல்லம் ஏறக்குறையச் சர்க்கரைக்குச் சமமே. சர்க்கரை சேராதது என்று கடையில் விற்கும் இனிப்புகளிலும் நெய்யும் கோவாவும் இருக்கத்தான் செய்யும்.

இனிப் பண்டிகைக்கு வருவோம். சென்ற மாதம் பொங்கலுக்கு முன் நாங்கள் சர்க்கரைப் பொங்கலின் கணக்கை எழுதிப் பார்த்தோம். நால்வருக்கு ஆண்டுதோறும் அம்மா வைக்கும் அளவு இது: பச்சரிசி 150 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், வெல்லம் 200 கிராம், நெய் 60 கிராம், முந்திரி 20 கிராம். அரிசியும் பருப்பும் சேர்ந்து 700 கலோரி; வெல்லம் 760; நெய் 540; முந்திரி 120. மொத்தம் 2120. தலைக்கு 530! ஒருவர் ஒரு நாள் முழுதும் உண்ணவேண்டியது ஒரு பானையில் இருந்தது.

இவ்வாண்டு அரிசியை 125 கிராமாக்கி, பருப்பை 75 கிராமாக்கினோம். வெல்லம் 150, நெய் 30, முந்திரி 10. மொத்தம் 1600 கலோரி. அதை எட்டுச் சிறு கிண்ணங்களில் பகிர்ந்தோம், கிண்ணத்துக்கு 200. அதற்கேற்ப அன்று என் பகல் சோறு ஒரு கரண்டி குறைந்தது. நெய்யைப் பானையில் கொட்டாமல், பாதியை முந்திரி வறுக்கவும் பாதியை இறக்கியபின் மேலே ஊற்றவும் வைத்தாள் என் மனைவி. மணம் முதலில் மூக்குக்கு எட்டிவிடுவதால் குறைவு தெரியவில்லை. ஏலக்காய் சற்றுத் தாராளமாகவே விழுந்தது.

அம்மாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. “சுவாமிக்கு வைப்பதில் வெல்லத்தைக் குறைப்பதா?” என்று முணுமுணுத்தார். படைத்து முடிந்ததும், நாங்கள் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து ஒவ்வொரு கிண்ணம் உண்டோம். பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பத்துக்கும் எதிர்வீட்டுத் தெலுங்கருக்கும் மூன்று கிண்ணம் போயிற்று. எட்டாவது கிண்ணத்தை அம்மா அப்பாவின் படத்துக்கு முன் வைத்தார். சற்று நேரம் நின்றுவிட்டு, “அவருக்கும் இப்படி ஒரு கிண்ணம் கொடுத்திருக்கலாம்” என்றார். நாங்கள் ஒருவரும் பேசவில்லை.

இம்மாதம் மீண்டும் பரிசோதித்தேன். எடை 74 கிலோ. சர்க்கரைச் சராசரி 5.6. பத்து மாதத்தில் ஏழு கிலோ என்பது பெரிய சாதனை அன்று. இடையில் துர்க்கா பூஜையும் தீபாவளியும் வந்தபோது எடை ஒரு கிலோ ஏறவும் செய்தது. விஜயதசமிக்கு அண்டை வீட்டார் கொண்டுவரும் இனிப்பை மறுப்பது பண்பாகாது. ஒன்றை அவர்கள் முன்னிலையில் உண்டு, மற்றவற்றை வீட்டாரோடு பகிர்ந்தோம். தாண்டிய நாளுக்காக மறுநாள் பட்டினி கிடக்கவில்லை; மறுநாளிலிருந்து பழைய கணக்கையே தொடர்ந்தோம்.

ஓர் எச்சரிக்கை. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், இனிப்புக்கு இடம் தேடி ஒரு வேளை உணவைத் தாமாக விடக்கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டே பங்கை வகுத்துக்கொள்ளவேண்டும். வளரும் குழந்தைகளுக்கு இக்கணக்கு வேண்டாம். அவர்கள் முன் கலோரியைப் பேசிப் பேசி உணவின்மேல் அச்சம் உண்டாக்கவும் வேண்டாம்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதில் பெரும்பகுதியை மருந்துக்கு அன்றி உணவின் அளவுக்கே ஒதுக்கினார். உண்ணவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

சகோதரி அவர்களுக்கு: அந்தக் காகிதத்தைக் காட்டிக் கணவரைக் கோபிக்கவேண்டாம். அவருக்கு ஜிலேபிதான் பிரியம் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பின் ஒரே ஒரு ஜிலேபியைத் தட்டில் வைத்து அவர் முன் வையுங்கள். பாதியை அவர் உங்களுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற நாட்களின் கணக்கை இருவரும் சேர்ந்து எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அவருடைய இடுப்பளவை எனக்கு எழுதினால் மகிழ்வேன்.

அடுத்த இதழில், அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் மதிய உணவைப் பற்றிப் பார்ப்போம்.