எண்ணம் பெரிதா? பொருள் பெரிதா?

கண்ணால் காண்பதும் கையால் தொடுவதுமே மெய் என்பார் சிலர். உள்ளத்தில் உதிக்கும் எண்ணமே மெய், பொருள் அதன் நிழல் என்பார் வேறு சிலர். சிந்திக்கும் மனிதரை இவ்வாறு இரு கட்சியாகப் பிரித்துக் காட்டினார் அமெரிக்க அறிஞர் எமர்சன். 1840-களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரில் ஆற்றிய சொற்பொழிவில் அவர் ஒரு வங்கிக்காரரைப் பற்றிக் கூறுகிறார். கருங்கல் அடித்தளத்தின்மேல் தம் வங்கி அசையாமல் நிற்பதாக அவர் நம்புகிறார். ஆனால், அந்தக் கட்டடத்தைச் சுமந்துகொண்டு பூமிப்பந்தே வெட்டவெளியில் விரைந்து ஓடிக்கொண்டிருக்கிறது அல்லவா?

இதைப் படித்தவுடன் நானும் எமர்சன் கட்சியில் சேர்ந்துவிட்டேன். ஆனால் அவருடைய நண்பர் பிரான்சன் ஆல்காட்டின் வரலாறு என்னைச் சற்று நிறுத்தியது.

1843 ஜூன் மாதம் ஆல்காட், சார்லஸ் லேன் என்ற நண்பருடன் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 'ஃப்ரூட்லாண்ட்ஸ்' என்ற பண்ணையைத் தொடங்கினார். அங்கே இறைச்சி, பால், முட்டை கிடையாது. அடிமைகளின் உழைப்பில் விளைந்த பருத்தியை உடுத்துவதில்லை. எத்துணை உயர்ந்த எண்ணங்கள்! ஆனால் அறுவடை நேரத்தில் ஆண்கள் தம் கொள்கையைப் பரப்ப வெளியூர் சென்றுவிட்டனர். புயல் திரண்டு வந்தது. வயலில் கிடந்த வாற்கோதுமையைக் கூடைகளிலும் விரிப்புகளிலும் வாரிக் காப்பாற்றியவர்கள் வீட்டுத் தாயும் பிள்ளைகளுமே. அப்போது பத்து வயதுச் சிறுமியாயிருந்த மகள் லூயிசா, 1873-இல் இதையெல்லாம் கதையாக எழுதினார். 1844 ஜனவரியில் பண்ணை கலைந்தது. பிற்காலத்தில் குடும்பத்தின் கடனை அடைத்தது, லூயிசா 1868-இல் எழுதிய 'லிட்டில் விமன்' நாவலின் வருமானம்தான்.

அப்படியானால் ஆல்காட்டின் எண்ணம் பிழையா? இல்லை. 1865-இல் அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதை வெறுங்கனவு என்று நகைத்தவர்களே தோற்றார்கள். பிழை எண்ணத்தில் இல்லை. அதன் சுமையை யார் தூக்குவது என்று கேளாமல் விட்டதில்தான்.

எமர்சனின் இன்னொரு நண்பர் தோரோவைப் பாருங்கள். 1845-இல் வால்டன் குளக்கரையில் சிறு குடில் கட்டித் தனித்து வாழ்ந்தார். நிலம் எமர்சனுடையது. குடிலுக்கான செலவு 28 டாலர் 12½ சென்ட். ஆணி வாங்கிய கணக்கைக்கூடத் தம் நூலில் அச்சிட்டார். பொருளைத் துச்சமாக எண்ணியவர்தான் பொருளுக்குக் கணக்கும் வைத்தார். அவரை லட்சியவாதி இல்லை என்று யாராவது சொல்வார்களா?

எனவே எண்ணமே பெரிது என்று இன்றும் சொல்வேன். ஆனால் அதன் விலையைப் பிறர் தலையில் ஏற்றுவது லட்சியம் ஆகாது. லட்சியம் வயிற்றை நிரப்பாது என்று பெரியவர்கள் சொல்லும்போது நாம் கோபிக்கிறோம். அவர்கள் கேட்பது, அடுப்பை யார் பற்றவைப்பது என்றுதானோ?

அன்புத் தோழியரே, நாளை நாமும் உயர்ந்த கனவுகள் காண்போம். காணும்போதே, புயல் வரும் நாளில் கதிரை வாரிக் கட்டப்போவது யார் என்றும் கேட்டுக்கொள்வோம். முதல் கூடையை நாமே தூக்குவோம்!

பத்தாம் வகுப்பு மாணவி